டிசம்பர் 27 காலையில் கடை ஏன் 10 மணிக்குத் திறக்கிறது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் டிசம்பர் 27-ஆம் தேதி நம் காந்தல் கடை வழக்கம்போல் காலை 6 மணிக்குத் திறக்காது, 10 மணிக்குத்தான் திறக்கும். அன்று புது பிரெட், பன், வர்க்கி எதுவும் இருக்காது. டீக்கடைகளுக்குப் போடும் பன்னை 26-ஆம் தேதி சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்துவிடுவோம். பிளம் கேக் ஆர்டர்களுக்கு இதனால் எந்தத் தடையும் இல்லை. பழங்கள் அக்டோபரிலிருந்தே ஊறிக்கொண்டிருக்கின்றன. 24-ஆம் தேதிக்குள் எல்லோர் கேக்கும் கைக்கு வந்துவிடும்.

விடிவதற்கு முன்பே பன் வாங்க வந்து நிற்பவர்கள் காரணம் கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அன்று காலை கடை ஆட்களோடு உறைபனி பார்க்கப் போகிறோம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊட்டியில் உறைபனி எப்போது இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் நீர்ப்பனி விழும். மழைக்காலம் ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு, மேகமும் இல்லாமல் காற்றும் அசையாத இரவுகளில் அதுவே உறைந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டு வாசல் வெறும் ஈரமாக இருக்கும்போது, குதிரைப் பந்தயத் திடலும் ஊரை அடுத்த தலைகுந்தாவும் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. வெயில் ஏறி புல்லில் பட்டதும் எல்லாம் தண்ணீர். ஆறு மணிக்கு வெளிச்சம் வந்தால் எட்டு மணிக்குள் முடிந்துவிடும்.

ஒரு பேக்கரிக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் உயிர். டிசம்பர் குளிரில் ஈஸ்ட் தூங்கும். மற்ற மாதங்களில் ஒரு மணி நேரத்தில் உப்பும் மாவு, இப்போது இரண்டு, இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் நம் ஆட்கள் ராத்திரி பத்து மணிக்கே வந்து மாவு பிசைகிறார்கள், விடிய விடிய அடுப்படியில் நிற்கிறார்கள், காலையில் உங்கள் கையில் சூடாக பன்னைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார்கள். பிள்ளைகள் வெளியே புல்லில் பனி சுரண்டி விளையாடும்போது அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். என் அப்பாவும் அப்படித்தான்.

1988-ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடி அத்தை பிள்ளைகளோடு வந்திருந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. அத்தை இரண்டு டின் நிறைய மக்ரூன் கொண்டுவந்திருந்தார். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்த்துச் சுடுவது அது. ஊட்டி ஈரத்துக்கு ஒரே நாளில் நமுத்துப்போகும். அப்பா அந்த டின்களைக் கடை அடுப்பின் மேல் பலகையில் வைத்துக் காப்பாற்றினார். இன்றும் மக்ரூனை அங்கேதான் வைக்கிறோம்.

நடுச்சாமப் பூசை முடிந்து வரும்போது எங்கள் வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்து அத்தை பிள்ளைகள் குதித்தார்கள். "மாமா, புல்லு வெள்ளையா இருக்கும்னியளே, எங்க?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் ராத்திரி அம்மா ஒரு எவர்சில்வர் தட்டில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, ஒரு ரோஜா இதழைப் போட்டு, தகரக் கூரைமேல் வைத்தார். அப்பா அன்று மாவு பிசையப் போகவில்லை! அதுவரை அவர் ராத்திரியில் வீட்டில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

விடிவதற்கு முன் எங்களை எழுப்பி, பிரெட் வேனில் ஏற்றினார். இருக்கை கிடையாது. காலி மைதா சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்தோம். வேன் முழுக்க நேற்றைய ரொட்டி வாசனை. தலைகுந்தாவில் இறங்கியபோது வெளிச்சம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எங்கூரு உப்பளம் கணக்கால்லா இருக்கு" என்றார். குனிந்து புல்லிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி நாக்கில் வைத்தார். கரிக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் சிரித்தார்.

சாக்கில் உட்கார்ந்து சரிவில் வழுக்கினோம். காது மரத்துப்போனது, விரல் சிவந்துபோனது, யாரும் நிறுத்தவில்லை. அப்புறம் அப்பா வேனிலிருந்து பிரெட் அடுக்கும் தகரத் தட்டு ஒன்றை உருவிக்கொண்டு வந்து, அதில் உட்கார்ந்து, "தள்ளுங்கடா" என்றார். சாக்கைவிட மூன்று மடங்கு வேகம். கீழே போய் உருண்டு எழுந்தபோது அவர் தலை, மீசை எல்லாம் வெள்ளை. மாவில் வெள்ளையான மீசையைத் தினமும் பார்த்திருக்கிறேன். பனியில் வெள்ளையானது அன்று ஒருநாள்தான். அப்படி உரக்கச் சிரித்தும் அவரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வீடு திரும்பியதும் கூரைத் தட்டில் கண்ணாடிபோல் உறைந்திருந்ததை அம்மா உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ரோஜா இதழ் இருந்த துண்டு அத்தைக்கு.

இதே பனியில் தேயிலைக் கொழுந்து கருகுகிறது என்பதையும், கேரட், உருளைக்கிழங்கு போட்டவர்கள் வெயில் வருமுன் எழுந்து தண்ணீர் தெளித்துப் பயிரைக் கழுவுகிறார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. உங்களில் பலர் அவர்கள்தான். உங்களுக்கும் அந்த இரண்டு மணி நேரம் விளையாட்டு இல்லை.

அப்பா அதற்குப் பிறகு ஒருமுறைகூட அப்படிக் கடையை நிறுத்த முடியவில்லை. கடன் இருந்தது, ஆட்கள் குறைவு. போன வருஷம் நம் கடையில் மாவு பிசையும் தம்பி ஒருவரின் மகள், "எங்கப்பா பனி பார்த்ததே இல்ல" என்று என் மகனிடம் சொல்லியிருக்கிறாள். பதினாறு வருஷமாக ஊட்டியில் இருக்கிறவர் அவர். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

ஆகவே இந்த வருஷம் 26-ஆம் தேதி ராத்திரி அடுப்பு மூட்டமாட்டோம். ஆறு ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், எங்கள் வீட்டார் எல்லோரும் 27 காலை ஐந்தரை மணிக்கு வேனில் கிளம்புகிறோம். அன்றைய கூலி வழக்கம்போல் உண்டு. மேகம் போட்டால் பனி விழாது. விழாவிட்டாலும் கடை 10 மணிக்குத்தான். கறுப்பு டீயும் பிளம் கேக்கும் கூட வருகின்றன.

காலையில் பன் இல்லாமல் சிரமப்படுகிறவர்கள் 26-ஆம் தேதியே சொல்லி வையுங்கள், எடுத்துவைக்கிறோம். 28-ஆம் தேதி காலை 6 மணிக்குக் கடை திறந்திருக்கும், பன் சூடாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பேக்கரி குடும்பத்தார்
காந்தல், ஊட்டி