முழுமனச் சம்மதத்துடன்

ஆசிரியருக்கு,

பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதத்தைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 1 முதல் குறைத்திருப்பதைப் பாராட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லால்குடியில் 31 ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். என் மேசைக்கு முன்னால் நடப்பதையும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

10 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கினால் இந்தச் சலுகையில் 10,000 ரூபாய் மிச்சம். 'வீட்டுக்காரி பெயரிலேயே போடுங்கள்' என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் சிலர் அதே மூச்சில், 'அப்படியே எனக்கு ஒரு பவரும் எழுதிவிடுங்கள்' என்கிறார்கள். விற்க, அடமானம் வைக்க, அட்வான்ஸ் வாங்க என எல்லாவற்றுக்கும் கணவருக்கு அதிகாரம். திங்கட்கிழமை உரிமையாளரான பெண், வெள்ளிக்கிழமைக்குள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

போன மாதம் அப்படி வந்த ஒரு பெண்ணிடம், "மனை எந்த ஊரில் அம்மா?" என்று கேட்டேன். அவர் கணவர் முகத்தைப் பார்த்தார். "அவருக்குத்தான் தெரியும்." முன்பணம் கொடுத்தது அந்தப் பெண்ணின் சங்கிலியை அடகு வைத்த காசில் என்பது பிறகு பேச்சுவாக்கில் வந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் உழைப்புக்கும் சொத்தில் பங்குண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியை என் மேசையில் கிடந்த நாளிதழில் படித்துவிட்டு ஒரு வாடிக்கையாளர், "அப்படியென்றால் இனி எல்லாவற்றையும் அம்மா பெயரில் வாங்கிவிட வேண்டியதுதான்" என்றார். சிரிப்பதா, அழுவதா?

மற்றவர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. 1999இல், மாமனார் தம் மகளுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருந்த அரை ஏக்கர் நஞ்சையை விற்றேன். விலை பேசியவன் நான். ஆள் பார்த்தவன் நான். பத்திரத்தை என் கையாலேயே எழுதினேன். 'எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி முழுமனச் சம்மதத்துடன்' என்ற வரியை எழுதும்போது பேனா தயங்கக்கூட இல்லை. ஆயிரம் முறை எழுதிய வரி. சார்பதிவாளர் "சம்மதம்தானே அம்மா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி தலையசைத்தார். பதிவேட்டில் அது சம்மதம். அதற்கு முன் விற்கலாமா என்று நான் ஒரு நாளும் அவரிடம் கேட்டதில்லை. அந்தப் பணத்தில் கட்டிய வீட்டில்தான் இருவரும் இருக்கிறோம். வீடு என் பெயரில் இருக்கிறது.

சலுகை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயராவது ஏறுகிறதே. பதிவுத்துறைக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது, அரசுக்கு ஒரு பைசா செலவில்லாதது. பவர், கிரயம், செட்டில்மெண்ட், எதுவானாலும், ஒரு பெண் எழுதிக் கொடுக்கும்போது கணவரை ஐந்து நிமிடம் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். சர்வே எண்ணெல்லாம் கேட்க வேண்டாம்; அது எனக்கே மறந்துவிடும். சொத்து எந்த ஊரில் இருக்கிறது, எவ்வளவு அளவு, என்ன விலை என்று அந்தப் பெண்ணே சொல்லட்டும். தெரியவில்லை என்றால் தெரிந்துகொண்டு வரச்சொல்லி இன்னொரு நாள் டோக்கன் கொடுங்கள். எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு வரும்படி ஒரு வாரம் தள்ளிப்போகும். போகட்டும்.

தபாலில் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவர், ஒன்றே ஒன்றைத்தான் திருத்தச் சொன்னார். அது அரை ஏக்கர் இல்லையாம், 62 சென்ட்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
லால்குடி.