மைக்கலாஞ்சலோவின் கட்டைவிரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறுமலர்ச்சிக் கால ஓவியர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, மைக்கலாஞ்சலோ மனக்கண்ணில் முழுமையாகக் கண்ட உருவங்களை அப்படியே சுவரில் இறக்கிவைத்தார் என்கிறது. எஞ்சியிருக்கும் அவருடைய கோட்டோவியங்களோ வேறு கதை சொல்கின்றன.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு தாளையே எடுத்துக்கொள்ளலாம். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் (1508–1512) காணப்படும் லிபிய ஆருடப் பெண்ணுக்காகச் செங்காவிக் கட்டியால் வரையப்பட்டது அது. விதானத்தில் பெண்ணாக இருப்பவள் தாளில் ஆண். இளைஞன் ஒருவனை மாதிரியாக வைத்து, முறுக்கித் திரும்பிய முதுகின் தசைகளை நுணுக்கமாக வரைந்திருக்கிறார். கீழே ஓரமாக, அதே முகத்தைச் சற்றுப் பெண்மை கூட்டி மறுபடி வரைந்து பார்க்கிறார். என்னை அதிகம் நிறுத்திவைத்தது இடது காலின் கட்டைவிரல்தான். பெரிய நூலொன்றைத் தாங்கியபடி உடலைத் திருப்பும் அவளுடைய பாரம் அந்த ஊன்றிய விரலில் வந்து இறங்குகிறது. அது பிசகினால் உருவமே நிலைகொள்ளாது என்பதால், தாளின் கீழ்ப்பகுதியில் அதைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். ஈரச் சுண்ணப் பூச்சு காய்வதற்குள் வண்ணம் தீட்டியாக வேண்டிய சுவரோவியத்தில் யோசித்து நிற்க நேரம் ஏது? சந்தேகங்களையெல்லாம் தாளிலேயே தீர்த்துக்கொண்டுதான் அவர் சாரம் ஏறியிருக்க வேண்டும்.

லியோனார்டோவும் இதற்கு விலக்கல்லர். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, குழந்தை இயேசு பூனையோடு விளையாடும் மரியன்னை படத்தாளில், முன்பக்கக் கோடுகள் பின்பக்கத்தில் பிரதியெடுக்கப்பட்டு, அங்கே படம் மேலும் திருத்தப்பட்டிருக்கிறது.

1564-இல் மறைந்த மைக்கலாஞ்சலோ, இறப்பதற்குமுன் தம் கோட்டோவியங்கள் பலவற்றைத் தாமே எரித்துவிட்டார் என்றும், தாம் பட்ட பாட்டைப் பிறர் காணலாகாது என்பதே அதற்குக் காரணம் என்றும் அவரை நேரில் அறிந்திருந்தவரும் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்தவருமான வசாரி எழுதியிருக்கிறார். ஆகவே கட்டுரையாளரை முற்றிலும் குறைகூற மனம் வரவில்லை. ஓவியர் எந்தத் தோற்றத்தை விட்டுச்செல்ல விரும்பினாரோ அதைத்தான் அவரும் நம்பியிருக்கிறார்.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, முடிந்த ஓவியத்துக்குப் பக்கத்திலேயே அதற்கான கோட்டோவியத்தையும், தபால்தலை அளவுக்குச் சுருக்காமல், அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.