வைக்கோல் லாரியை அடிவாரத்திலேயே அளந்துவிடுங்கள்

கொடைக்கானல் மலைச்சாலையில் வாகனச் சோதனைக்குப் பொறுப்பான போக்குவரத்து, காவல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். மன்னவனூர்ப் பக்கம் மாடு வளர்ப்பவன் எழுதுகிறேன். வைக்கோல் பாரத்தின் அகலத்துக்கு வரம்பே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. இருபுறமும் பிதுங்கிய பாரத்தோடு ஒரு லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்பினால், எதிரே வரும் பஸ் எங்கே ஒதுங்கும்? ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வண்டிக்குத் தரும் அகலம் 2.6 மீட்டர். மலைக்கு அதுவே தாராளம்.

கேட்பதெல்லாம் சோதனை நடக்கும் இடத்தைப் பற்றித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 194(1ஏ) பிரிவின்படி, பாரம் வண்டியின் பக்கவாட்டைத் தாண்டினால் அபராதம் 20,000 ரூபாய். இறக்கும் செலவு தனி. பாரத்தை ஒழுங்காக அடுக்கும்வரை வண்டியை நகரவிடக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அடிவாரத்துக் காட்ரோடு சந்திப்பைத் தாண்டி ஏறிவிட்ட லாரியைப் பாதி மலையில் மடக்கினால், அவிழ்த்த வைக்கோலை எங்கே போடுவது? சாலையோரம் கொட்டினால் போக்குவரத்து அடைபடும். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டால் மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. சரி, ரசீதை மட்டும் கொடுத்து மேலே அனுப்பலாம் என்றால் அதுவும் சட்டப்படி தவறு. அபராதம் கட்டியதால் எந்த லாரியும் ஒரு விரற்கடை ஒடுங்கிவிடுவதில்லை.

ஆகவே ஏறுமுன் அளந்துவிடுங்கள். மலை தொடங்கும் முன் பாரத்தை இறக்கி அடுக்க ஓர் இடம் ஒதுக்கினால், வத்தலக்குண்டிலிருந்து சுமையாட்களை வரவழைத்துக்கொள்வோம். கூலி எங்கள் பொறுப்பு. குறிப்பிட்ட சில பாரங்களுக்கு விலக்களிக்க அந்தப் பிரிவிலேயே வழி இருப்பதாகச் சிலர் நினைவூட்டினார்கள். எங்களுக்கு அது வேண்டாம். வளைவுக்கு விலக்குக் கடிதம் படிக்கத் தெரியாது.

லாரி உரிமையாளர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வைக்கோல் எடை குறைவு. அனுமதித்த எடையைத் தொடுவதற்குள் இடம் நிரம்பிவிடும். வாடகையோ நடைக்கு இவ்வளவு என்று. கழிகளை வெளியே நீட்டிக் கட்டி அகலத்தைக் கூட்டும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. இயந்திரத்தில் இறுக்கிச் சுற்றிய கட்டுகளாக வாங்கினால் வண்டிக்குள்ளேயே அடங்கும், விலைதான் கொஞ்சம் ஏறும். டிராக்டரை வாடகைக்கு விடும் வேளாண் பொறியியல் துறை, அறுவடைக் காலத்தில் இந்த இயந்திரங்களையும் அடிவாரத்து ஊர்களில் கூடுதலாக ஓட்டினால் அகலத் தகராறில் பாதி வயலிலேயே தீர்ந்துவிடும். இது உங்கள் துறை இல்லை என்பது தெரியும், சொல்லிவைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் உறைபனி புல்லைக் கருக்கிவிடும். தை அறுவடை வைக்கோலை நம்பித்தான் தொழுவம் இருக்கிறது. அது மலையேறத் தொடங்குமுன் இடத்தைக் குறித்துக் கொடுங்கள். ஏப்ரலில் சுற்றுலா வண்டிகள் வந்துவிட்டால் அடிவாரத்திலும் ஒரு லாரியை ஓரங்கட்ட முடியாது.

இப்படிக்கு,
மன்னவனூர்ப் பகுதி பால்மாட்டு விவசாயி