நம்ம வானியல் சங்கம்: 2025 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம்னு தலைவர் அண்ணே சொன்னாக, இந்தத் தடவ சுருக்கமா முடிக்கலாம்னுதான் உக்காந்தேன், பாப்போம்.

கூட்டமெல்லாம் கானாடுகாத்தான் வீட்டு வளவுலதான் நடந்துச்சு, எடம் குடுத்த ஆச்சிக்கு நன்றி, கந்தரப்பத்துக்குத் தனி நன்றி. ஐப்பசி கார்த்திகைல மழை, மொட்டமாடிக்கு டெலஸ்கோப்ப எடுத்துட்டே போகல.

நம்ம நாட்டு வானியல் சாட்டிலைட் ஆஸ்ட்ரோசாட் ஸ்ரீஹரிகோட்டாலேந்து கெளம்புனது 28.9.2015, பத்து வருஷம் ஆச்சு, அதனால இந்த வருஷம் எக்ஸ்ரே டைமிங், அதாவது வானத்துலேந்து வர்ற எக்ஸ்ரே எப்பெப்ப வருதுன்னு நேரம் பாக்குறதுன்னு எடுத்துக்கிட்டோம். படமே இல்லாத வானியல் என்ன வானியல்னு பாதிப் பேருக்கு மூஞ்சி சுருங்கிருச்சு. என்ன பண்றது, நாங்க பாத்தது நியூட்ரான் ஸ்டாரு, அதாவது பெரிய நட்சத்திரம் வெடிச்ச பொறவு மிஞ்சுற கரு, குறுக்க சுமார் 25 கிலோமீட்டர்தான், ஒரு ஓரத்த காரைக்குடில வச்சா மறு ஓரம் தேவகோட்டையத் தாண்டும், அம்புட்டுத்தான், எடை மட்டும் சூரியன விட ஜாஸ்தி. அதோட வடிவத்த இங்கேந்து எந்த கேமராவும் புடிக்காது. எக்ஸ்ரேயோ காத்து மண்டலத்தத் தாண்டி கீழ வராது, அதான் மேலயே பெட்டிய வச்சு ஒவ்வொரு போட்டானும், அதான் எக்ஸ்ரே துணுக்கு, எப்ப வந்துச்சுன்னு குறிக்கிறாங்க. ஆஸ்ட்ரோசாட்ல இருக்க லாக்ஸ்பிசிங்கிற எக்ஸ்ரே கருவி 10 மைக்ரோசெகண்ட் வரைக்கும் குறிக்கும்.

நம்ம காலேஜ் தம்பி, எல்லாருக்கும் தொறந்து விட்டிருக்க டேட்டாலேந்து நண்டு நெபுலா பல்சார எறக்குனாப்ல, பல்சார்னா சுத்திக்கிட்டே துடிப்பு துடிப்பா கதிர் அனுப்புற நியூட்ரான் ஸ்டாரு. செகண்டுக்கு 30 சுத்து, அதாவது 33 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா துடிப்பு தெரியணும். தெரியல. ஆத்தங்குடி கல்லாட்டம் தட்டையா ஒரு கோடு. மூணு வாரம் லேப்டாப்ப திட்டிக்கிட்டே இருந்தோம். கடைசில பாத்தா, சாட்டிலைட் பூமியச் சுத்துது, பூமி செகண்டுக்கு 30 கிலோமீட்டர் ஓடுது, அதக் கழிச்சு சூரிய மண்டல மையத்துல போட்டான் எப்ப வந்திருக்கும்னு நேரத்த மாத்தணும், தம்பி மறந்துட்டாப்ல. ஜமக்காளத்த கோணலா மடிச்சா கோடு மேல கோடு உக்காராதுல்ல, அதே கததான். மாத்துன ஒடனே ரெண்டு முகடு வந்துச்சு பாருங்க, படம் கேட்டவுகளே எந்திரிச்சு வந்து பாத்தாக.

விண்வெளி நிலையத்துல 2017லேந்து இருக்க நைசர்ங்கிற எக்ஸ்ரே டெலஸ்கோப்புக்கு வெயில் மறைக்கிற ஷீல்டு 2023ல சேதமாகி பகல் வேலை கெட்டுப்போச்சு, 2025 ஜனவரில ஆளு வெளிய போயி ஒட்டுப் போட்டாரு. பஞ்சர் ஒட்டுன கதைன்னு அன்னைக்கு கூட்டத்துல ஒரே சிரிப்பு.

கரண்ட் அடிக்கடி போகுது, யூபிஎஸ் வாங்கணும். கணக்க பொருளாளர் வாசிப்பாரு. சந்தா பாக்கி வச்சவுக பேரச் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாக, சொல்லல, முன் வரிசைலதான் உக்காந்திருக்காக.