முத்திரையோடு ஒரு தேசப்படமும் வேண்டும்

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

பேரனின் தபால் முத்திரை ஆல்பத்தை நீ படமெடுத்து அனுப்பியிருந்தாய். ஒவ்வொரு பக்கத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நாடு நாடாக அவன் பிரித்திருப்பது நல்ல தொடக்கம்; ஆனால் எந்த நாடு எந்தக் காலத்தில் என்ன பெயரோடு இருந்தது என்று அறியாமல் பிரிக்கப் போனால் எல்லாம் குழம்பிவிடும் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மலேசியாப் பக்கத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த முத்திரை ஒன்று இருக்கிறது. அதன்மேல் கறுப்பு மையில் ‘பி.எம்.ஏ. மலாயா’ என்று பின்னர் அச்சடித்திருப்பதைக் கவனி. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது; 1945இல் அவர்கள் சரணடைந்தபின் பொறுப்பேற்ற பிரித்தானிய இராணுவ நிர்வாகம், போருக்கு முந்திய நீரிணைக் குடியேற்ற (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலியன சேர்ந்த பிரித்தானியக் குடியேற்றம்) முத்திரைகளின்மேல் இப்படி எழுத்தடித்து வெளியிட்டது. மலேசியா என்ற நாடு பிறந்ததோ 1963இல். ஆகவே மலாயாவுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கச் சொல். மலாயா புகையிரதப் பகுதிக்கு வேலைக்குப் போன நம்மவர்களுக்கும் ஊருக்கும் இடையே அந்த ஜப்பானியர் காலத்தில் வழமையான தபால் தொடர்பு அறுந்திருந்தது என்பதையும் அவனுக்குச் சொல். அந்தக் கறுப்பு எழுத்தின் கனம் அப்போதுதான் அவனுக்குப் புரியும்.

‘தெரியாத நாடு’ என்று அவன் ஒதுக்கிய ஹெல்வேஷியா, சுவிற்சர்லாந்து. அங்கே நான்கு மொழிகள் வழங்குவதால் எதையும் சாராமல் இலத்தீன் பெயரைப் போடுகிறார்கள். மக்யார் என்பது ஹங்கேரி. பெயரே இல்லாமல் அரசியின் தலை மட்டும் இருந்தால் அது பிரித்தானியா. 1840இல் முத்திரையைத் தொடக்கிய நாடு என்பதால் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது.

இலங்கைப் பக்கம் மெலிந்திருப்பது எனக்குக் கவலைதான். நமது முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி ஆறு பென்ஸ் விலையில் வந்தது. 1872இல் ரூபாவும் சதமும் வந்தன. எனவே விலை பென்ஸில் இருந்தால் காலத்தை ஓரளவு ஊகித்துவிடலாம். ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து 1935–36 தொடரைத் தேடி வாங்கிக்கொடு. இரப்பர் பால் வெட்டுதல், கொழுந்து பறித்தல் ஆகியவற்றோடு பழைய நீர்ப்பாசனக் குளம் ஒன்றும் அதில் உண்டு. தேயிலையும் இரப்பரும் மழை மிகுந்த தென்மேற்கிலும் மலைநாட்டிலும் விளைபவை; குளமோ மாரி மழையைத் தேக்கிவைத்து வயல் செய்யும் நம் வரண்ட வலயத்தின் உயிர். இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த நீ, அந்த வேறுபாட்டைத் தேசப்படத்தில் விரல் வைத்தே அவனுக்குக் காட்டலாம்.

இன்னுமொன்று. கடித உறையோடு கிடைக்கும் பழைய முத்திரைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்ற விடாதே. தபாற்கந்தோர் குத்திய வட்டச் சீலில் ஊரும் திகதியும் இருக்கும். கழற்றினால் அதில் பாதி உறையோடு போய்விடும். உன்னிடமுள்ள பழைய உறைகளின் சீல்களைக் கிட்டப் படமெடுத்து அனுப்பு, எந்த ஊர் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா