பழைய மோட்டார்ஹோமில் சுடுதண்ணீர் வரவில்லையா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்று வாங்கி, பிள்ளைகளோடு தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினேன், ராத்திரி அந்தக் குளிரில் குழாயில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் வந்தது. பட்டறையில் ஹீட்டரையே மாற்றச் சொன்னார்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள். குளிர்நாட்டு வண்டிகளில், பனிக்காலத்தில் ஹீட்டர் தொட்டியைக் காலி செய்து ஒதுக்கி வைக்க பைபாஸ் வால்வு, அதாவது தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் நேரே சுடுதண்ணீர்க் குழாய்க்குத் திருப்பிவிடும் வால்வு, இருக்கும். அதை யாரும் திருப்பி வைக்காமல் விட்டால் சுடுதண்ணீரோடு பச்சைத்தண்ணீர் கலந்துகொண்டே இருக்கும். என் வண்டியில் அதுதான் கோளாறு, வால்வைத் திருப்பியதும் சரியாகிவிட்டது, ஒரு காசு செலவில்லை.

அது சரியாக இருந்தால் வெளிப்புற ஷவரைப் பாருங்கள். ஷவர் தலையை மட்டும் அடைத்துவிட்டு சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் இரண்டு குழாயையும் திறந்து வைத்திருந்தாலும் உள்ளே கலக்கும். கேஸ் பர்னர் குழாயில் குளவி கூடு கட்டினாலும் தீ சரியாக எரியாது. அப்புறம், தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மின்சார ஹீட்டரைப் போடவே கூடாது, தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் கருகிவிடும். கேஸ் வாடை வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

விற்பவர்கள் சாவியைக் கொடுக்கும்போதே இந்த வால்வையும் காட்டிக் கொடுக்க வேண்டும், ஐயா.

தோட்டத்து வாசகர்,
தாப்பா, பேராக்