அசனப் பாத்திரங்கள் தினமும் அடுப்பேறட்டும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், பிழைப்புக்காக வெளியூர் சென்றிருக்கும் நம் சேகரத்துப் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம்.

ஆண்டுதோறும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அசனம் வைக்கிறோம். முதல் நாள் இரவே ஆண்கள் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். யார் வந்தாலும் பந்தியில் இடம் உண்டு. மறுநாள் புளி போட்டுத் துலக்கிய அண்டாக்கள் சாமான் அறைக்குள் போனால், அடுத்த ஆண்டுதான் வெளியே வரும். அவற்றைத் தினமும் அடுப்பேற்ற உங்கள் உதவியைக் கேட்கிறோம்.

நம் ஊர் அரசு மருத்துவமனையில் உள்நோயாளிகளுக்கு உணவு கொடுக்கிறார்கள். உடனிருப்பவர்களுக்குக் கிடையாது. மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, வாரக்கணக்கில் வராந்தாவில் படுத்துக் கிடப்பவர்கள் அவர்கள். பிரசவ வார்டுக்கு வெளியே ஓர் அம்மாவைப் பார்த்தோம். மகளுக்கென்று ஒரு பொட்டலம் இட்லி வாங்கி வந்தார். மகள் மீதி வைத்த ஒன்றரை இட்லியைச் சட்னி வழித்துத் தின்றார். குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார். கேட்டதற்கு, “சாப்பிட்டுவிட்டேன் ஐயா” என்றார்.

பசித்தவனிடம் “போய்ப் பசியாறு” என்று வாயால் மட்டும் சொன்னால் என்ன பிரயோஜனம் என்று வேதத்தில் யாக்கோபு கேட்கிறார். ஞாயிறு மாலைதோறும் அதே வார்டுகளில் ஜெபித்துவிட்டு வீடு திரும்பிச் சாப்பிடுகிற நம்மைத்தான் அவர் கேட்கிறார் என்று எங்களுக்குத் தோன்றியது.

தினமும் காலை ஆறரை மணிக்குள் 150 பேருக்குக் கஞ்சி: அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால், தொட்டுக்கொள்ளத் துவையல். ஆலயத்தின் பின்கட்டில் சமைத்து மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுபோகிறோம். நிர்வாகம் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகே தொடங்குவோம்.

அடுப்பு, மூடியுள்ள எவர்சில்வர் டிரம்கள், பழைய லோடு ஆட்டோ ஒன்று ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய் வேண்டும். அதன் பிறகு ஒரு நாள் செலவு சுமார் 1,500 ரூபாய். பிறந்த நாள், திருமண நாள், பெரியவர்களின் நினைவு நாள் என்று ஆளுக்கொரு நாளை ஏற்றுக்கொண்டால் ஆண்டு முழுவதும் ஓடிவிடும்.

பணம் இல்லாதவர்களும் ஒதுங்க வேண்டாம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது நம் பாட்டிமாரின் வழக்கம். 1903-இல் பாளையங்கோட்டையில், பின்னாளில் பேராயரான அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியபோது, வெளிநாட்டுப் பணத்துக்குக் காத்திருக்கவில்லை. திருநெல்வேலிச் சபையார் கொடுத்ததைக் கொண்டே நடத்தினார்கள். அந்தச் சீமையின் பிள்ளைகளுக்குப் பிடியரிசியைப் பற்றி நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்துவிடுமே என்று யோசிக்காதீர்கள். கலந்த அரிசியில் சோறு ஒன்றுபோல் வேகாது. கஞ்சியில் எல்லாமே குழைந்துவிடும்.

குழுவுக்குள் வாக்குவாதம் நடந்த ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கஞ்சியோடு சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமே என்று மூத்தவர்கள் சிலர் கேட்டார்கள். கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பசித்தவன் கையில் தட்டையும் தாளையும் ஒன்றாக நீட்டினால், அவன் தாளை வாங்குவது தட்டுக்காகத்தான். யாராவது ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்போம். புகைப்படமும் எடுக்கமாட்டோம். டிரம்களில் கொடுத்தவர் பெயரும் பொறிக்கப்படாது. ஆலயத்து மின்விசிறி இறக்கைகளில் இருக்கிற பெயர்களே போதும்.

காணிக்கையைச் சேகர அலுவலகத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். மாதக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பிடியரிசி வாங்க வாலிபர் சங்கத்தார் சனிக்கிழமை மாலைதோறும் வீட்டுக்கு வருவார்கள்.

பணத்தைவிட எங்களுக்குக் கவலை தருவது ஆள்தான். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்ட நாளொன்றுக்கு ஐந்து பேர் வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஏற்கெனவே வாரத்தில் மூன்று நாட்களை எடுத்துக்கொண்டார்கள். அசனத்துக்கு விடிய விடியக் காய் நறுக்கும் ஆண்கள், மீதி நான்கு நாட்களுக்குப் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கஞ்சி ஊழியக் குழுவினர்